மூன்றாவது வேண்டாம்

தலையை ஆட்டக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும், அதுவும் சட்டென்று சொல்ல வேண்டும். காரை நிறுத்தி சீட் பெல்ட்டைக் கழற்றும்போதே நாதன் சொல்லிவிட்டான். "நீ பாட்டுக்குத் தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுனேன்னா அவங்களுக்கு ஆமான்னும் தெரியாது, இல்லன்னும் தெரியாது. க்ளாரோன்னு சொல்லு, பாலேன்னு சொல்லு, அது போதும்." அது போதுமாம். பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் தாவரவியல் நடத்தியவளுக்கு ஆமாம் என்பதற்கு ஒரு வார்த்தை, சரி என்பதற்கு ஒரு வார்த்தை, இரண்டு போதும் என்று தாலி கட்டினவன் தீர்மானித்துவிட்டான். புஷ்கலா அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. "சரிங்க" என்றாள். இப்போது சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆகிறது, ஒருத்தரும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் சாப்பிட்டு முடித்தால் கை கழுவவாவது எழுந்துதானே ஆக வேண்டும். இந்த வேலன்சியாக்காரர்களுக்குச் சாப்பாடு முடிந்த பிறகுதான் உட்காருவதே ஆரம்பிக்கிறது, அதற்குச் சோப்ரெமேசா என்று ஒரு பெயர் வேறு. ஊருக்கு வெளியே ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவில் விசென்டேயின் வீடு. விசென்டே நாதனுடைய ஆபீஸில் பெரியவர், அம்பாரோ அவர் மனைவி, மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மகள் ஆதிரை வரவில்லை, கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள். அவள் வந்திருந்தால் இந்தப் பேச்சையெல்லாம் எட்டு வயசில் ஊதித் தள்ளியிருப்பாள். மேசையில் ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துணுக்கு, அடிப்பிடித்த சோறு ஒட்டிய அகலமான கறுப்புச் சட்டி. புஷ்கலாவின் கைப்பைக்குள் போன் கிடக்கிறது. ஊர்க் கல்லூரியின் துறைத் தலைவி ஜெபமணி மேடம் இன்று கூப்பிடுவாள். ஜூனில் கல்லூரி திறக்கிறது, புஷ்கலாவின் விடுப்பு அதோடு முடிகிறது, திரும்பிப் போனால் வேலை இருக்கிறது, போகாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு நிர்வாகக் கூட்டம். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு முடிவு சொல்லிரும்மா, இதுக்கு மேல என்னால அந்த நாற்காலியப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்க முடியாது" என்று நேற்று சொன்னாள். போகிறேன் என்று புஷ்கலா முடிவெடுத்தாகிவிட்டது. காலையில் தோசை வார்க்கும்போது சொல்லிக்கூடப் பார்த்தாள், நான் ஜூன்ல போறேங்க, ஆதிரையையும் கூட்டிட்டுப் போறேன். தோசைக்கல்லுக்கு முன்னால் நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்குப் போனதும் அவனிடம் சொல்ல வேண்டும், அப்புறம் மேடத்திடம். இந்த மேசையை விட்டு எழுந்தால்தானே வீடு.

விசென்டே ஏதோ தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறார், வாய்க்கால், ஆரஞ்சு, போன வருஷம், விலை. பாதி புரிகிறது. "க்ளாரோ" என்றாள் புஷ்கலா. ஒரு நொடி பிந்திவிட்டது, அது அவளுக்கே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் நூரியா இதைத்தான் சொன்னாள். நகராட்சி நடத்துகிற இலவச மொழி வகுப்பு, நூரியாவுக்கு இருபத்தைந்து வயசிருந்தால் அதிகம், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இந்த வாரப் பாடம் பேச்சில் ஆமோதிப்பது. நிச்சயமாக என்பதற்குப் புத்தகத்தில் இருக்கிற போர் சுபுவெஸ்தோவைத் தூக்கிப் போடுங்கள், யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை என்றாள். க்ளாரோ சொல்லுங்கள். யா, யா என்று சொல்லுங்கள். எஸோ எஸ், அதேதான். ஆமாம் என்கிற ஒற்றை ஸீ மட்டும் சொல்லாதீர்கள், அது காய்ந்துபோய்க் கிடக்கும், வேண்டாவெறுப்பாகச் சொன்ன மாதிரி இருக்கும், இரண்டு மூன்று தரம் சொல்லுங்கள், ஸீ ஸீ ஸீ. வாலே என்று எழுதியிருப்பதைப் பாலே என்று சொல்லுங்கள். புஷ்கலாவுக்குச் சிரிப்பு வந்தது, திருநெல்வேலியில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் வாலே என்றுதான் கூப்பிடுவார்கள், யாரிடம் சொல்லிச் சிரிப்பது, பக்கத்தில் ஒரு உக்ரேனியக் கிழவர், அந்தப் பக்கம் ஒரு மொராக்கோப் பெண். எல்லோரையும் விட்டுவிட்டு நூரியா புஷ்கலாவிடம்தான் வந்து நின்றாள். உன் வார்த்தை எல்லாம் சரி, உன் நேரம்தான் சரியில்லை என்றாள். நான் சொல்லி முடிக்கும்வரை நீ காத்திருக்கிறாய், முடிந்த பிறகு யோசித்துச் சொல்கிறாய். இங்கே யோசித்துச் சொன்னால் உனக்குச் சம்மதமில்லை என்றுதான் நினைப்பார்கள். நான் பேசி முடிக்கும் முன்னாலேயே உன் க்ளாரோ என் வாக்கியத்துக்குள் வந்து விழ வேண்டும். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவளிடம் பொறுக்காதே என்று சொன்னால் எப்படி. ஆனாலும் இவள் படிப்பாளிப் பிள்ளை ஆயிற்றே. வாரம் முழுக்க அடுப்படியில் பயிற்சி. ஆதிரையைப் பேசச் சொல்லி, அவள் முடிக்குமுன் க்ளாரோ. அம்மா நான் இன்னும் சொல்லவே இல்லையே என்று ஆதிரை சிணுங்குவாள். ஸீ ஸீ ஸீ. என்ன கேட்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்னாலேயே ஆமாம் சொல்வதற்கு ஒரு பாடம், அதற்கு வீட்டுப்பாடம், அதிலும் முதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்று ஒரு வெறி. இந்த வயசில் இது தேவையா என்று யாராவது கேட்டிருக்கலாம். மறுத்துப் பேசுவது அடுத்த செவ்வாய்க்கிழமைதான். இல்லை என்று சொல்ல ஒரு பாடம் வேண்டுமா என்ன, அது இரண்டு மொழியும் தெரியாத குழந்தைகூடச் சொல்கிற வார்த்தை.

அம்பாரோ அவளைப் பார்த்துச் சிரித்தாள். நல்லவள்தான். இவள் முட்டைகூடத் தொடாதவள் என்று தெரிந்து, முயலும் நத்தையும் போட்ட பெரிய சட்டிக்குப் பக்கத்தில் தனியாகச் சின்னதாக ஒரு சட்டியில் பீன்ஸும் வேறு காயும் போட்டு வைத்திருந்தாள். பெரிய சட்டியில் அவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் கரண்டியை விட்டு நேராகச் சட்டியிலிருந்தே சாப்பிட்டார்கள், நாதனும்தான், அவன் கரண்டி வாய்க்குப் போய் மறுபடி சட்டிக்குள் போனது. எச்சில் பத்து என்று அவள் மாமியாரிடம் அவன்தான் ஒரு காலத்தில் சண்டை போடுவான், தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் குடிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். மனுஷன் மாறக் கூடாதா, மாறட்டும், யார் வேண்டாமென்றது. அவளுக்குத் தோன்றியதெல்லாம் அவன் இவ்வளவு சுலபமாக மாறினானே என்பதுதான், சட்டை மாற்றுவதுபோல. அவளுக்கு ஒரு சொம்புகூட மாறவில்லை. மூன்று வருஷமாக அந்தத் துறை அறை அவளுக்குள் அப்படியே இருக்கிறது, ஜன்னல் ஓரம் அவள் மேசை, ஃபார்மலின் வாடை, பழைய நுண்ணோக்கியின் மேல் போட்டிருக்கிற பச்சைத் துணி. முதலாமாண்டு வகுப்பில் நாற்பது பெண்கள். புரிஞ்சுதா என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் எஸ் மேடம். ஒன்றும் புரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், அந்த எஸ் மேடத்தில் எல்லோருக்கும் நிம்மதி, பாடத்தை மூடிவிட்டுப் போய்விடலாம். கடைசி பெஞ்சில் சகாயமேரி என்று ஒரு பெண், உவரிக் கடற்கரைப் பக்கம், அவள் மட்டும் எழுந்து நிற்பாள். "இல்ல மேடம், புரியல." மேடையில் நின்றுகொண்டிருந்தவளுக்கு எரிச்சலாக வரும். மணி அடிக்கப் போகிற நேரத்தில் இது வேறா. "கிளாஸ் முடிஞ்சு ஸ்டாஃப் ரூமுக்கு வா" என்பாள். சகாயமேரி வந்து கதவோரம் நிற்பாள், இவள் டீ குடித்துக்கொண்டிருப்பாள், இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டிருக்கிறாள், ஆமாம், விட்டிருக்கிறாள். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ. அவளுக்கு மட்டும் எங்கிருந்து அந்த நாக்கு வந்தது, கடற்காற்றா, இல்லை யாராவது வீட்டில் சொல்லிக் கொடுத்தார்களா, இல்லை என்று சொன்னால் மேலே இடி விழாது என்று.

"புஷ்கலா, என்ன, கனவா?" என்றார் விசென்டே. "யா, யா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கனவுதான். நாதன் இப்போது நல்ல உற்சாகத்தில் இருக்கிறான், இரண்டு டம்ளர் ஒயின் உள்ளே போயிருக்கிறது, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான், அவன் தலையை ஆட்டுவதில்லை, கையைத்தான் ஆட்டுகிறான், அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். சாப்பாட்டு நடுவிலும் அவன்தான் கதை சொன்னான். அம்பாரோ இரண்டாவது தரம் சின்னச் சட்டியிலிருந்து சோற்றைக் கரண்டியில் அள்ளிக்கொண்டு வந்தாள், புஷ்கலா தட்டுக்கு மேலே கையை வைத்து மறைத்து, நோ, நோ, கிராஸியாஸ் என்று நன்றியோடு சொன்னாள், நிஜமாகவே வயிறு நிறைந்துவிட்டது. அம்பாரோவும் பாலே என்று கரண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அப்போதுதான் நாதன் ஆரம்பித்தான். போடுங்கள், போடுங்கள், இவள் நோ சொல்வதை நம்பாதீர்கள் என்றான். எங்கள் ஊரில் அப்படித்தான், விருந்தாளி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை, வேண்டும் என்று உடனே சொன்னால் காய்ந்து கிடந்தவன் என்று நினைப்பார்கள், அதனால் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு, மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால்தான் அது நிஜமான வேண்டாம். விசென்டே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்படியானால் மூன்று தடவை கேட்க வேண்டுமா? மூன்று தடவை, என்றான் நாதன். அம்பாரோ அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள், கரண்டியோடு திரும்பி வந்து கேட்டாள், இவள் நோ என்றாள், உனோ என்று விசென்டே ஒரு விரலை நீட்டினார், மறுபடி கேட்டாள், நோ, தோஸ் என்று இரண்டு விரல், மூன்றாவது கேள்வி வருவதற்குள் புஷ்கலாவே வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டாள். சோறு விழுந்தது. பார்த்தீர்களா என்றான் நாதன். பார்த்தார்கள். நெஞ்சுவரை நிறைந்திருந்த வயிற்றில் அவள் அந்தச் சோற்றைக் கரண்டி கரண்டியாகத் தள்ளினாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் ஆத்திரம். நெல்லையில் எந்தக் கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்தாலும் அதுதான், போதும் போதும் என்று இலைமேல் கையைக் குடைபோல் பிடிப்பதும், கைக்கு அடியில் கரண்டியை விட்டுப் பாயசத்தை ஊற்றுவதும், ஊற்றினவனை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அது பாயசத்துக்கு. இவன் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறான்.

பாயசத்துக்கு மட்டும்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று "என்னம்மா, சரிதான?" என்றார். அவள் தலையைச் சாய்த்தாள். அது ஆமாமா, தெரியவில்லையா, யோசித்துச் சொல்கிறேனா, அவளுக்கே இன்றுவரை தெரியாது. யாராவது இன்னொரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அப்பா மூன்று தடவை கேட்கவில்லை. சாய்த்த தலை நிமிர்வதற்குள் கூடத்துக்குப் போய் "பிள்ளைக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். நாதன் கெட்டவன் இல்லை, அதை அவள் எங்கே வேண்டுமானாலும் சொல்வாள். அடிக்கவில்லை, குடித்துவிட்டு உருளவில்லை, அவள் சம்பளத்தில் கை வைக்கவில்லை. கேட்பான். எதையும் கேட்டுத்தான் செய்வான். அவன் கேட்கும்போது கேள்வி முடிகிற இடத்தில் பதிலும் இருக்கும். "ரெண்டே ரெண்டு வருஷம், லீவு போட்டுட்டு வா, போயிட்டு வந்துருவோம், சரியா?" சரிங்க. இரண்டு வருஷம் முடிந்தபோது "பிள்ளைக்கு இப்பத்தான் பாஷை செட் ஆயிருக்கு, இன்னும் ஒரே ஒரு வருஷம், சரியா?" சரிங்க. முடியை வெட்டிக்கொள்ளேன், இங்கே யாரும் இவ்வளவு நீளம் வளர்ப்பதில்லை, சரியா? சரிங்க. சும்மாவா சொன்னார்கள் அவளைப் பூம்பூம் மாடு என்று, சொன்னது யார், அவன் தங்கைதான், ஆதிரை காதுகுத்துக்கு, சிரித்துக்கொண்டே. ஒவ்வொரு சரியும் சின்னதுதான். முடிதானே, ஒரு வருஷம்தானே. எந்தச் சரியிலாவது நிறுத்தியிருக்க வேண்டும் என்றால் எந்தச் சரி அது என்று ராத்திரியெல்லாம் தேடியிருக்கிறாள், ஒன்றும் அகப்படவில்லை, ஏனென்றால் எதுவுமே அப்போது பெரிதாக இல்லை. ஜூன் பெரிது. ஜூன் தெரிகிறது. இதில் தப்பவிட்டால் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. நான் ஜூன்ல போறேங்க. வீட்டுக்குப் போனதும். செருப்பைக் கழற்றும் முன்னால், அவன் டிவியைப் போடும் முன்னால்.

விசென்டே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் மாறிவிட்டது, ஆபீஸ் குரல். புஷ்கலா காதைத் தீட்டிக்கொண்டாள். நிரந்தரம் என்கிற வார்த்தை வந்தது. நாதனின் பெயர் வந்தது, மேட்ரிட், கையெழுத்து, நான்தான் உனக்காகப் பேசினேன், குடும்பத்தோடு இங்கேயே இருக்கிற ஆள்தான் வேண்டும் என்கிறார்கள், பாதியில் கிளம்பிப் போகிற ஆள் வேண்டாம். க்ளாரோ, க்ளாரோ என்று நாதன் அவர் வாக்கியத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தான், எவ்வளவு அழகாகப் போடுகிறான், நூரியா கேட்டால் மெச்சுவாள். பிறகு அவன் சொன்னான். எமோஸ் தெஸிதிதோ. நாங்கள் முடிவு செய்துவிட்டோம். புஷ்கலா ஊர்க் கல்லூரி வேலையை விட்டுவிடுகிறாள், இனி இங்கேதான். நாங்கள் என்றான். எப்போது, யார் யார், எந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, ஆரஞ்சுத் தோலை விரலால் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஆக, விசென்டேயிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். இந்தச் சாப்பாடே அதற்குத்தான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்து, நாலு பேர் முன்னால், அவளுக்கு இரண்டு வார்த்தை மட்டுமே தெரிந்த பாஷையில். வீட்டில் தமிழில் கேட்டிருந்தால் ஒருவேளை மாட்டேன் என்று சொல்லியிருப்பாளோ என்று பயந்திருக்கிறான், அவனுக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது, பார். அம்பாரோ இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். நிஜமாகவா? இங்கேயே இருந்துவிடப் போகிறீர்களா? உனக்குச் சந்தோஷம்தானே?

"நோ" என்றாள் புஷ்கலா.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. தோசைக்கல் முன்னால் சொல்லிப் பார்த்ததுகூட இது இல்லை. வந்துவிட்டது, தெளிவாக, வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி. அம்பாரோவின் கை அப்படியே நின்றது. விசென்டே நாதனைப் பார்த்தார். புஷ்கலாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது, சொல்லிவிட்டேன், சொல்லியாயிற்று, இடி விழவில்லை. நாதன் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு நொடி ரத்தமே இல்லை. அடுத்த நொடி அவன் சிரித்தான், பெரிதாக, தலையைப் பின்னால் சாய்த்து. நான் சொல்லவில்லையா என்றான். மூன்று தடவை கேட்க வேண்டும் என்று சொல்லவில்லையா? முதல் நோ மரியாதைக்கு. ஒரு மூச்சு நேரம் யாருக்கும் புரியவில்லை, புரிந்ததும் விசென்டே மேசையைத் தட்டினார், அம்பாரோ நெஞ்சில் கையை வைத்து, அப்பாடா, பயந்தே போய்விட்டேன் என்றாள். எவ்வளவு நிம்மதி அவர்களுக்கு. எஸ் மேடம் என்று நாற்பது பேர் சொன்னதும் அவளுக்கு வருமே, அதே நிம்மதி. உனோ, என்று விசென்டே விரலை நீட்டினார். அம்பாரோ விளையாட்டுக்குள் வந்துவிட்டாள், கற்பனைக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டாள், புஷ்கலா, எங்களோடு இருக்கிறாயா?

"நோ" என்றாள் புஷ்கலா. சத்தமாகத்தான் சொன்னாள். சத்தம் கூடக் கூடச் சிரிப்பும் கூடியது. தோஸ் என்றார் விசென்டே, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. அவள் நன்றாக நடிக்கிறாள் என்று நினைக்கிறார்கள். இதுவரை பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவளுக்கு இவ்வளவு குறும்பா என்று அம்பாரோ அவளை ஆசையோடு பார்க்கிறாள். இரண்டு போய்விட்டது. ஒன்று இருக்கிறது. அவன் வாயால் அவன் சொன்னது, மூன்றாவதுதான் நிஜம். அதைச் சொல்லிவிட்டால் அவனால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது, அவன் சட்டம்தான், நாலு பேர் சாட்சி. பொறு, இன்னும் கேட்கவில்லை, கேட்கட்டும். அவள் நாதனைப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது, மேலுதடு மட்டும் லேசாகத் துடித்தது. ஆதிரை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் உதடு அப்படித் துடித்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் கெஞ்சுகிறான். எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கெஞ்சுகிறான். இவனுக்கு நான் பாவம் பார்க்க வேண்டுமா, இவன் எனக்குப் பார்த்தானா, பார்க்கக் கூடாது, இது பாயசம் இல்லை, ஜன்னலோர மேசை, பச்சைத் துணி, இல்ல மேடம் புரியல, எழுந்து நிற்க வேண்டியதுதான், ஒரே ஒரு எழுத்து, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு விட்டால் போதும். அம்பாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கை சூடாக இருந்தது, மூன்றாவது தடவையாக, நிஜமாகவே இனி எங்களோடு இங்கேயே இருக்கப்

"க்ளாரோ" என்றது புஷ்கலாவின் வாய். "க்ளாரோ கே ஸீ."

கேள்வி முடியவில்லை. கேள்வி முடியும் முன்னாலேயே அது போய் உள்ளே விழுந்துவிட்டது, ஒரு நொடி முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை, ர சரியாக உருண்டது, கடைசி ஸீ மேலே ஏறி நின்றது. வாரம் முழுக்க அடுப்படியில் பழகிய பழக்கம் எங்கே போகும். விசென்டே கையைத் தட்டினார், அம்பாரோ எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், அவள் கண்ணில் நிஜமாகவே ஈரம். கேட்டாயா, என்றாள் கணவனிடம், கேட்டாயா எப்படிச் சொன்னாள் என்று, இந்த ஊரில் பிறந்தவள் மாதிரி. எங்கே கற்றுக்கொண்டாய் இவ்வளவு இயல்பாக? நாதன் சொன்னான், அடுப்படியில், குக்கரோடு பேசிப் பேசி. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மேசைக்கு அடியில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு தமிழில் மெதுவாகச் சொன்னான், "ரொம்ப நல்லாச் சொன்ன." அவன் உள்ளங்கை நனைந்திருந்தது. அவன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மூன்றாவதை அவன் பறிக்கவில்லை. அவள் கையில்தான் இருந்தது, யாரும் வாயைப் பொத்தவில்லை, இனி யாரிடமும் போய் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தத் தொண்டையை நினைத்தால்தான் அருவருப்பாக இருந்தது, அது தன்னுடையதுதானா என்று. அம்பாரோ முட்டையும் பாலும் போட்ட புட்டிங்கை ஒரு தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினாள், முட்டை என்பது சந்தோஷத்தில் மறந்துவிட்டது போலிருக்கிறது. புஷ்கலாவுக்குத் தெரியும். கரண்டியை எடுத்தாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. நாதன் பார்த்தான். "யாரு?" "ஜெபமணி மேடம்." "எடு. எடுத்துச் சொல்லிரு, இன்னிக்கே முடிச்சுரு, நல்ல நாளாப் போச்சு" என்றான், பிறகு, அவன் வழக்கப்படி, "சரியா?" என்றான். அவள் எழுந்து தோப்புப் பக்கம் போனாள். அடுப்பு மூட்டிய இடத்தில் சாம்பல் இன்னும் கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது. போனை எடுத்ததுமே மேடம் பேச ஆரம்பித்தாள், மழை பெய்கிறது, கரண்ட் இல்லை, ரோஸ்லின் ரிட்டையர் ஆகிறாள், உன் மேசையை யாரும் தொடவில்லை, பசங்க எல்லாம் கேட்கிறார்கள். "ம்" என்றாள் புஷ்கலா. "ம்." மேடம் சொல்லச் சொல்ல அவள் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள், தொண்டையில் வேறு ஒன்றும் இல்லை, புட்டிங்கின் இனிப்புத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "என்னம்மா, சத்தத்தையே காணோம்" என்றாள் மேடம். "அப்ப, வரலன்னு எழுதிரட்டுமா?"

"ம்" என்றாள் புஷ்கலா. அந்தக் கேள்விக்கு அது முதல் ம். மரியாதைக்குச் சொன்னது.

"சரிம்மா. பிள்ளைய நல்லாப் பாத்துக்க" என்றாள் மேடம். லைன் போய், மழைச் சத்தமும் நின்றுவிட்டது. மேடம் இன்னொரு தடவை கேட்பாள் என்று புஷ்கலா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.